கட்டடமும் கையொப்பமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பேசுவதே மரபு. நாமோ இன்று செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள வேண்டுகிறோம். நம் தமிழ் வகுப்புக்குக் கட்டடம் எழுப்பச் செயற்குழு முடிவு செய்ததும், அம்முடிவைப் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு விடுமாறு உறுப்பினர் சிலர் கையொப்பமிட்டு விண்ணப்பித்ததும் நீங்கள் அறிந்தவையே. அவ்விண்ணப்பத்தைக் கண்டு முகம் சுளித்தோருள் நாமும் அடங்குவோம். “பிள்ளைகள் படிக்கக் கட்டடம் வேண்டாம் என்பாரும் தமிழரா?” என்றுகூடச் சொல்லிவிட்டோம். வீடு திரும்பியபின் அச்சொல் நெஞ்சை உறுத்திற்று. இத்தகைய வழக்கைப் பிறர் எவ்வாறு தீர்த்தனர் என்று தேடிப் படித்தோம். படித்ததில் ஓர் ஊரின் கதையை மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகரை அடுத்து நியூட்டன் என்றொரு நகரம் உண்டு. 13 சிற்றூர்கள் சேர்ந்து அமைந்த ஊர் அது. கல்வியிற் பெருமை கொண்ட ஊர். வீடு வாங்குவோர் பள்ளியைப் பார்த்தே வாங்குவர். அங்கே நியூட்டன் நார்த் என்னும் உயர்நிலைப்பள்ளி 1973-இல் கட்டிய பெருங்கட்டடத்தில் நடந்து வந்தது. பல வகுப்பறைகளுக்குச் சாளரமே இல்லை. காற்றோட்டமும் செம்மையாக இல்லை. செப்பனிடுவதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இறுதியில் நகரமன்றம் புதுக்கட்டடத்துக்கே இசைந்தது.

ஆங்குள்ள வரிச்சட்டத்தையும் ஒரு சொல் கூறவேண்டும். 1980-இல் அம்மாநில மக்களே வாக்களித்து ஒரு சட்டம் செய்தனர். புதிய கட்டுமானங்களால் வரும் வருவாய் நீங்கலாக, ஊரின் சொத்துவரித் தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு 2½ வீதத்துக்கு மேல் உயரலாகாது. உயர்த்த வேண்டுமாயின் ஊரார் வாக்கைப் பெறவேண்டும். பள்ளி கட்டக் கடன் வாங்கி, அக்கடன் தீரும்வரை மட்டும் கூடுதல் வரி விதிக்கவும் வாக்கு வேண்டும். நியூட்டன் நகர ஆட்சியோ, கூடுதல் வரி கேளாமல் உள்ள வரவிலேயே கடனை அடைப்போம் என்றது. வரி கேட்கவில்லை, ஆகவே வாக்கும் கேட்கவில்லை. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஊராரிற் பலர்க்கு அது நிறைவளிக்கவில்லை.

நகரமன்றத்தின் முடிவை எதிர்த்துப் போதிய வாக்காளர் கையொப்பமிட்டால் அம்முடிவு மக்கள் வாக்குக்கு வரும். அவ்வாறே குடிமக்கள் சிலர் கையொப்பம் திரட்டினர். 2007 சனவரி 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கையொப்பமிட்டவர் மனத்தில் இருந்த பெருங்கவலை செலவு. வாக்குச் சீட்டில் இருந்ததோ மனையில் கட்டடத்தை எவ்வாறு அமைப்பது என்னும் வரைவு. நகரமன்றம் அன்று நிறைவேற்றியது அவ்வரைவையே. ஆதலால் அதன்மேல்தான் வாக்குக் கேட்க இயலும். ‘பள்ளி வேண்டும், ஆனால் இத்துணை ஆடம்பரம் வேண்டா’ என்பவர் எங்கே முத்திரை இடுவது? ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டே கட்டங்கள் அன்றோ! வாக்காளரிற் பெரும்பாலோர் ஆம் என்றனர். திட்டம் வென்றது.

வென்றபின் செலவு அடங்கியதா? இல்லை. மதிப்பீடு ஏறிக்கொண்டே போயிற்று. 2010-இல் பள்ளி திறந்தபோது கணக்கு ஏறத்தாழ 19 கோடியே 70 இலட்சம் டாலர். மாநிலத்திலேயே மிகுந்த செலவில் எழுந்த உயர்நிலைப்பள்ளிகளுள் ஒன்று என்று பெயர் பெற்றது. இதற்கிடையே, 2008 மே திங்களில், நகரின் அன்றாடச் செலவுகளுக்காகக் கூடுதல் வரி கேட்டபோது ஊரார் மறுத்துவிட்டனர். கட்டடச் செலவால் விளைந்த கசப்பும் அதற்கொரு காரணம் என்று பலரும் கருதினர். பள்ளிக் கட்டடங்களுக்கு உதவித்தொகை வழங்கும் மாநில நிறுவனமும் விழித்துக்கொண்டது. நன்கு கட்டி முடித்த பள்ளி ஒன்றின் வரைபடத்தையே பிற ஊர்களும் எடுத்தாளட்டும், அவ்வாறு செய்வோர்க்குக் கூடுதல் உதவி உண்டு என்று புதிய முறை வகுத்தது. ஊர்தோறும் புதுக்கலைஞரை அமர்த்திப் புதுக்கோலம் வரைவதை ஓரளவு குறைக்கும் வழி அது.

கதை அத்துடன் முடியவில்லை. 2013 மார்ச்சில் அதே நகரம் ஏஞ்சியர், கேபட் என்னும் இரு தொடக்கப்பள்ளிகளைக் கட்ட வேண்டி ஊராரிடம் நேரே சென்றது. இம்முறை கையொப்பத்துக்குக் காத்திராமல், இன்ன பள்ளிக்கு இன்ன கடன், அது தீரும்வரை இவ்வளவு வரி என்று கேட்டது. 2008-இல் மறுத்த ஊர் இரண்டுக்கும் இசைந்தது! ஏஞ்சியர் பள்ளியின் புதுக்கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது. இதனைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் வாளா இருந்தோம்.

நம் நாட்டில் நகராட்சிப் பள்ளி கட்ட இத்தகைய வாக்கெடுப்பு இல்லை. ஆயினும் ஊரைக் கேட்கும் முறை நமக்குப் புதிதன்று. ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2013-இல் 12 கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவே. ஏட்டில் உள்ளது எத்தனைப் பள்ளிகளில் நடப்பில் உள்ளது என்பதை நம் காலனித் தாய்மார்களே நன்கறிவர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். விண்ணப்பத்தை நாம் மறுமுறை எடுத்துப் படித்தோம். கட்டடம் வேண்டாம் என்று அதில் ஓரிடத்தும் இல்லை. இரண்டாம் மாடி எதற்கு, கடன் எத்துணை ஆண்டு, மாதச் சந்தா உயருமா என்ற மூன்று வினாக்களே உள்ளன. மூன்றுக்கும் செயற்குழுவில் இருந்த எம்மாலேயே உடனே விடை சொல்ல முடியவில்லை. கையொப்பமிட்டவருள் ஓய்வூதியத்தில் வாழ்வோர் உண்டு. குழந்தைகளை நம் வகுப்புக்கு ஞாயிறுதோறும் தவறாது அனுப்புவோரும் உண்டு. அவர்களைத் தமிழரோ என்று வினவிய எம் சொல்லை இம்மேடையிலேயே திரும்பப் பெறுகிறோம்.

செயற்குழுவின் இசைவோடு ஒன்று அறிவிக்கிறோம். வரைபடமும் மதிப்பீட்டுத் தாளும் நாளை முதல் நூலக அறைச் சுவரில் இருக்கும். ஒரு மாடி, இரு மாடி, செப்பனிடுதல் என மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதி வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். பொதுக்குழு அடுத்த திங்கள் கூடும். சந்தா செலுத்தாது விட்டோர் அதற்குள் செலுத்திவிடுக. இல்லையேல் வாக்கு இல்லை.