குழாயில் உறையும் நீர்

நீர் உறைந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வுண்மை 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விளைவித்த இடரை இன்று கூற விழைகின்றேன். கடுங்குளிரில் இலட்சக்கணக்கான இல்லங்களில் மின்சாரம் நின்றது, கணப்பு அணைந்தது, குழாய்கள் வெடித்தன. பெரும்பாலும் வெப்பமான மாநிலமாதலால், கூரையடியில் போதிய காப்புறையின்றிச் சென்ற குழாய்கள் பல.

பனிக்கட்டியே குழாயைப் பிளப்பதாகப் பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அஃதன்று. கட்டி தக்கைபோல் வழியை அடைக்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்குண்ணும்; அவ்வழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும். ஆகவேதான் காப்புறை சுற்றுவதோடு, கடுங்குளிர் இரவில் திருகைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிடுகிறார்கள்.

உறைந்துவிட்டால் என்செய்வது? திருகைத் திறந்துவைத்து, அம்முனையிலிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லச் சூடேற்றுதல் வேண்டும். தீயைக் காட்டலாகாது, வீடே பற்றக்கூடும். வெடிப்பு, கட்டி உருகிய பின்னரே வெள்ளமாய் வெளிப்படும். ஆதலால், குழாய் பிளந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தவுடன், வீட்டுக்கு நீர் வரும் தலைவால்வை மூடிவிடுதல் நலம். அவ்வால்வு எங்குள்ளது என்பதைக் குளிர்காலத்திற்கு முன்பே வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.