பின் ஆக்ஸிலில் ஒரு பேரம்



ஆரணி என்றால் பட்டும் அரிசியும் என்பார்கள். மூன்றாவதாகப் பட்டறைகளையும் சேர்க்கலாம் என்பது என் கட்சி. ஊருக்குக் கிழக்கே காஞ்சிபுரமும் சென்னையும். மேற்கே ஜவ்வாது மலை. பட்டு கிழக்கே போகிறது. மலையிலிருந்து சாமையும் புளியும் பலாவும் இறங்குகின்றன. ஒரே வண்டி இரண்டு திசைக்கும் ஓட வேண்டுமானால் அதன் பின் ஆக்ஸில் யாருக்கு வேலை செய்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்: பழைய ஜீப்பின் பின் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, வேறு பல் விகிதம் உள்ள ஆக்ஸிலைப் பூட்டும் பட்டறைக் கலை.

பல் விகிதம் என்பது எளிய கணக்கு. ஆக்ஸிலில் உள்ள டிஃபரென்ஷியல் உருண்டைக்குள் பெரிய கிரவுன் சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சிறிய பினியன் ஒன்று. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8, வகுத்தால் 4.88. போர் முடிந்து உழவர்களுக்கென்று வந்த ஜீப்பில் 43-க்கு 8, அதாவது 5.38. 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது இந்த வில்லிஸ் குடும்பத்து ஜீப்புகளைத்தான். ஏரும் டிரெய்லரும் இழுக்க 5.38 அருமையான விகிதம். நெடுஞ்சாலைக்கு அது தண்டனை.

எப்படி என்கிறீர்களா? பழைய 16 அங்குல ஜீப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் ஓடும். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 5.38 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றும். 4.88இல் 2,900. மாற்றிப் பூட்டும் ஆக்ஸில் 4.27 என்றால் 2,500. 3.73 என்றால் 2,200 போதும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் வைத்த ஜீப்புகளில் இந்தக் கணக்கு காதிலேயே விழும். பழைய டீசல் எஞ்சினை 3,000 சுற்றுக்கு மேல் விரட்டினால் சத்தமும் அதிர்வும்தான் மிச்சம்.

அதனால்தான் ஆக்ஸில் மாற்றும் ஆசை வருகிறது. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் ஆக்ஸில்கள் கௌசிங் என்னும் கூட்டோடு வரிசையாகக் கிடக்கும். வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். சோதிக்க ஒரு வழி உண்டு. பினியன் முனையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒரு பக்கத்து டிரம்மை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மறு பக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் ஐந்து சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றினால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. நாலேகால் என்றால் 4.27. ஒரு காசு செலவில்லை.

பூட்டுவதில்தான் கலை இருக்கிறது. பழைய ஜீப்பில் டிஃபரென்ஷியல் உருண்டை நடுவில் இராது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் ஷாஃப்ட் அந்தப் பக்கமாக வருவதே காரணம். நடுவில் உருண்டை உள்ள ஆக்ஸிலைக் கொண்டுவந்து மாட்டினால் ஷாஃப்ட் கோணலாக ஓடும். ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் தேயும். பட்டை ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அவசரக்காரர் ஒரே மூச்சில் பற்றவைப்பார். சூட்டில் குழாய் வளையும், பேரிங்கும் ஆயில் சீலும் பிறகு மாறி மாறிப் போகும். தெரிந்தவர் ஒரு விரற்கடை பற்றவைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போவார். வந்த ஆக்ஸிலின் பிரேக் டிரம் வேறு அளவாக இருந்தால், முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் உள்ள பங்கீடும் மாறிவிடும். இதைக் கவனிக்கிற மேஸ்திரி குறைவு.

கௌசிங்கை விட்டுவிட்டு கிரவுன், பினியனை மட்டும் மாற்றுவது இன்னும் நுட்பமான வேலை. என் மதிப்பில் இதுவே உயர்ந்தது. ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் பினியனின் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தளர்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்குக்குள் அடங்க வேண்டும். பிறகு பல்லில் நீலச் சாந்து தடவிச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். நடுவில் விழுந்தால் சரி. நுனியில் விழுந்தாலும் அடியில் விழுந்தாலும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். நம்மூர்த் தறியில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவரின் பொறுமை இதற்கு வேண்டும்.

எந்த விகிதம் நல்லது? வேகத்தில் வாங்குவதை இழுவையில் கொடுக்கிறோம். 5.38-லிருந்து 4.88-க்குப் போனால் சக்கரத்துக்கு வரும் இழுவையில் ஒன்பது சதவீதம் போகும். 4.27 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 3.73 என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் வண்டி பத்துப் பேரோடும் மூட்டையோடும் ஏறுகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு என்பது விளையாட்டல்ல. ஏற்றத்தையாவது கியரைக் குறைத்துச் சமாளிக்கலாம். இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே அளவு தளர்வதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே மலைக்கும் போகும் வண்டிக்கு 4.88 போதும் என்பேன். சென்னை சாலைக்கு மட்டும் என்றால் 4.27. நல்ல மேஸ்திரி முதலில், "வண்டி எங்கேங்க ஓடுது?" என்று கேட்பார். கேட்காமல் ஸ்பேனரை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நாலு சக்கர இழுவை உள்ள ஜீப்பில் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு விகிதமாக இருந்தால், தார்ச்சாலையில் நாலு சக்கரத்தையும் இணைத்த உடனே ஒன்றை ஒன்று முறுக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. வேகமானியும் பொய் சொல்லும். அது ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது. 5.38 இருந்த இடத்தில் 4.27 வந்தால், முள் 50 காட்டும்போது வண்டி 63இல் போய்க்கொண்டிருக்கும். அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. பட்டறைக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வானொலியில் பேசும் நானே இதைச் சொல்வது விந்தைதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் ஒரு முகம் சரியாகப் படியவில்லை. காலை எடுத்ததும் ஊளையிட்டால் மறு முகம். எப்போதும் ஒரே உறுமல் என்றால் பேரிங்கைப் பாருங்கள். புதிய பல் என்றால் முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாதீர்கள். பிறகு கியர் ஆயிலை வடித்து, கலங்கிய பொடி எவ்வளவு என்று பார்த்து, புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். பொடிக்குப் பதில் சில்லு வந்தால், அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.