கரிக்கோச்சியின் சேவைக்காலமும் நமது சேவைக்காலமும்

(திருகோணமலையில் நடைபெற்ற சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



மலையிலிருந்து இறங்கி வந்த நாம் இன்று கடலோரத்தில் கூடியிருக்கிறோம். 1977 வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய நமது உறவுகளும் நம்மோடு இருக்கிறார்கள். கல் ஓயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வரும் கோச்சிப் பாதை இந்த ஊரோடு முடிகிறது. காலையில் ஸ்டேஷனில் ஒரு பிள்ளை கேட்டது: "கரிக்கோச்சி இங்கேயும் ஓடிச்சா?" ஓடியது. அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பி-1 வகை நீராவி இயந்திரங்கள் இலங்கைக்கு வரத் தொடங்கின. முன்னால் நான்கு சிறிய சில்லுகள், நடுவில் ஆறு பெரிய சில்லுகள். அவற்றில் முதலில் வந்தவற்றைக் கட்டியது இங்கிலாந்தில் மன்செஸ்டரில் இருந்த பேயர் பீக்கொக் கம்பனி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. சிலவற்றுக்கு வெள்ளைக்கார ஆளுநர்களின் பெயரும் உண்டு. 251ஆம் இலக்கம் சேர் தோமஸ் மெயிட்லண்ட். 340ஆம் இலக்கம் பிரெடெரிக் நோர்த். இந்த இரண்டையும் இன்றுவரை பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் என்ற உல்லாசப் பயணக் கோச்சியை இழுக்கவும் இவை பயன்பட்டன.

அந்த இயந்திரத்தின் ஒரு நாள் வேலையைப் பார்ப்போம். கோச்சி விடியற்காலையில் புறப்பட வேண்டுமென்றால், முதல் நாள் இரவே ஷெட்டில் நெருப்பு மூட்ட வேண்டும். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் நீராவி சேர பல மணி நேரம் ஆகும். ஓட்டுநருக்கு இயந்திரம் கிடைக்கும் முன்பே வேறு தொழிலாளர்கள் சாம்பலை வாரி, குழாய்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டிருப்பார்கள். பாதையில் ஓடும்போது பயர்மேன் நெருப்பின் முன் நின்று சவளால் கரி போட்டுக்கொண்டே இருப்பார். கொதிகலனின் நீர்மட்டம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய ஒரு கட்டை இருக்கும். நீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி இறங்கி நெருப்பைத் தணிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரண்ட பிரதேசத்துத் தண்ணீர் கடினமானது. இங்குள்ள நம் உறவுகளின் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொதிகலனிலும் அப்படித்தான் படியும். ஆகவே குறித்த நாட்களுக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே கழுவுவார்கள். அன்று அந்த இயந்திரத்துக்கு ஓய்வு. ஓட்டுநர் சொன்ன பழுதுகள் பதிவேட்டில் ஏறும். இரும்பாக இருந்தாலும் ஓய்வும் தண்ணீரும் கொடுக்காவிட்டால் உழைக்காது என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நமது மூதாதையருக்கு அந்தக் கணக்கு இருந்ததா? கோச்சிப் பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் கோப்பியை இறக்கவும், பிறகு தேயிலையை இறக்கவும்தான் அந்தப் பாதையைப் போட்டார்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களும், 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பின் கோச்சியில் வந்தவர்களும் நமது பாட்டன் பாட்டிமார். அவர்களுக்குக் காய்ச்சல் வந்து அரை நாளில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர். இயந்திரத்தின் பெயர்ப் பலகை பித்தளையில் மின்னியது. நமது பெயர் செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியபடி கிடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, நம்மில் பெரும்பாலோரிடம் காட்டக் காகிதம் இருக்கவில்லை.

கரிக்கோச்சியின் காலமும் முடிந்தது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தன. சீனன்குடாவில் வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தீர்கள்தானே? கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியவை அவை. கடலில் கரியை ஓரங்கட்டிய எண்ணெய் பிறகு தண்டவாளத்திலும் அதை ஓரங்கட்டியது. பயர்மேன் என்ற தொழிலும் அதோடு போயிற்று.

ஆனால் கோச்சித் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1912இலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். 1923இல் கொழும்பை உலுக்கிய பொது வேலைநிறுத்தத்திலும் முன்னின்றார்கள். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். இன்று நமக்கிருக்கும் உரிமைகள் அப்படிப்பட்ட போராட்டங்களின் வழியாக வந்தவை.

அந்த உரிமைகளைக் காப்பாற்றுவதும் நமது கையில்தான் இருக்கிறது. நம் சங்கத்தில் ஓர் அம்மா. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அவர் அலைந்த அலைச்சலை நாம் கண்ணால் பார்த்தோம். பழைய இயந்திரத்தின் வயதை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த அம்மா தன் வயதுக்கே சாட்சி தேட வேண்டியிருந்தது.

ஆகவே வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினால் தோட்டம் 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம் தோட்டத்தின் பொறுப்பு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தனியாகப் போக வேண்டாம், தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துவோம். நின்ற பிறகு திருத்துவது கடினம்.

காலையில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுக்கிறோம். உன் அப்பாயியின் சரியான பெயர் என்ன, எந்த வருடம் பேர் பதிந்தார், எத்தனை வருடம் மலை ஏறினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுது. அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டு. நாம் எல்லோரும் இருந்து கேட்போம்.