தொடைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் இல்லை. அனுபவித்ததையும், பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப்போகிறேன்.

போன ஆடியில் ஒரு காலை, வாசல் தெளித்த ஈரம் காயும் முன்னே செய்தித்தாள் எடுக்க இறங்கினேன். செருப்பின் அடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. இடது கால் நீட்டியபடி முன்னால் சறுக்கிப் போக, உடம்பு முன்பக்கம் குனிந்தது. பிட்டத்துக்கு அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற என் மனைவிக்கும் கேட்டதாம்.

சுளுக்குதான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒருவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். மூன்றாம் நாள் தொடையின் பின்புறம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றி, அந்த நிறம் முழங்கால் வரை இறங்கியது. அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. பென்ஷன் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அன்றே கவுண்டரில் நிற்கிற ஆள் நான். இதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன்.

நாம் உட்காரும்போது நாற்காலியில் பதிகிற எலும்பு ஒன்று இருக்கிறதல்லவா, அங்கிருந்துதான் தொடையின் பின்தசைகள் கிளம்புகின்றன. மூன்று தசைகள். இரண்டுக்குப் பொதுவாக ஒரு நாண், மூன்றாவதற்குத் தனி நாண். அவை இடுப்பையும் முழங்காலையும் தாண்டிப் போகின்றன. கால் நீண்டு, இடுப்பும் மடங்கினால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் இழுவை. எனக்கு அந்தப் பொது நாண் எலும்பை விட்டே பிய்ந்துவிட்டது என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. உப்பளப் பாத்தி வரப்பில் வழுக்கினாலும் கால் போகிற கோணம் இதேதான். மரக்காணம் பக்கம் அந்த வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு இந்தத் தசைக் காயம் சகஜம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் டெரெக் ரெட்மண்ட் பாதியில் நின்று, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்ததைப் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் சென்னைப் பிள்ளை வாஷிங்டன் சுந்தர் 2023 ஐ.பி.எல்.லில் பாதியில் விலகியதும் இதே தசையால்தான். இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் 2025 ஜனவரியில் அறுவை செய்துகொண்டு, மே மாதம் டெஸ்ட் ஆடினார். அப்போது அவருக்கு 33 வயது, எனக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

அறுவை செய்தால் நாணை எலும்பில் மறுபடி தைத்துப் பொருத்துவார்கள். நாண்கள் முழுதாக அறுந்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக அதைப் பற்றி யோசிப்பார்கள். ஆனால் சீக்கிரம் செய்தால்தான் எளிது. வாரங்கள் போகப் போக நாண் உள்ளே சுருங்கி, பக்கத்தில் ஓடும் பெரிய நரம்போடு தழும்பாக ஒட்டிக்கொள்ளும். நான் தொலைத்த ஐந்து வாரத்தின் விலை அதுதான். "உங்கள் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் பயிற்சியே போதலாம்" என்றார் டாக்டர். 30 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம் ஸ்வீடன், நார்வே மருத்துவர்கள் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அறுவை செய்யாதவர்கள் பின்தங்கிவிடவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் என் மனைவிக்குத் தூக்கம் வந்தது. இதை வைத்து நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சிலருக்கு அறுவைதான் சரி.

ஆரம்பத்தில் காலை நீட்டி இழுக்கவே கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். நம் ஆட்கள் முதலில் செய்வதே அதைத்தானே! படுத்தபடி குதிகாலைத் தரையில் அழுத்திப் பத்து எண்ணுவது, பிறகு இடுப்பைத் தூக்குவது, பல வாரம் கழித்து அதையே ஒற்றைக் காலில். சலிப்பான வேலை, பழைய லெட்ஜரைக் கூட்டுவதுபோல. கடின நாற்காலியில் உட்காருவதுதான் ரொம்ப நாள் முடியவில்லை. நான்காம் மாதம் பொம்மையார்பாளையம் கடற்கரை வரை நடந்து போய்த் திரும்பினேன். ஓட்டம் இனிமேல் கிடையாது, பேருந்தைத் துரத்துவதும் கிடையாது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தலாம். ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் எழுதித் தந்தால், உங்கள் வயதையும் மற்ற மாத்திரைகளையும் அவரிடம் சொல்லுங்கள். 'டப்' சத்தமும், தொடையில் பரவும் கன்றலும், உட்கார முடியாத வலியும் சேர்ந்து வந்தால் உருவாதீர்கள். அந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் வாசல் தெளித்ததும் படியில் ஒரு சாக்கு விழுந்துவிடுகிறது. செருப்பும் புதிது. சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். அதோ, மெத்தை போட்ட நாற்காலியில்தான் இருப்பேன்.