எடையும் இயக்கமும்



ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் அங்கன்வாடிகளில் குழந்தையின் எடையை நிறுத்துப் பதிவு செய்வது முதன்மையான பணியாகும். அதன் தேவை இன்னும் தீரவில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதத்தினர் வயதுக்கேற்ற எடை பெறவில்லை; 3.4 சதவீதத்தினர் மிகை எடை கொண்டிருந்தனர். ஆனால் அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைத் தராசு கூறாது.

இவ்வேறுபாடு நம் நாட்டுக்கு மிக முக்கியமானது. புனே அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டனர். அக்குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

தசை, உடலை இயக்கும் விசையைத் தருகிறது. மிகையான கொழுப்பு, அவ்விசை சுமக்க வேண்டிய பாரமாகிறது. எனவே ஓடுதல், தாவுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றில் மிகை எடையுள்ள குழந்தைகள் பொதுவாகப் பின்தங்குகின்றனர். பந்தை எறிதல், பிடித்தல் போன்ற செயல்களில் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. தசை வற்றிய குழந்தையோ விரைவில் களைப்புற்று ஒதுங்கிவிடுகிறது. விளையாட்டில் தடுமாறும் குழந்தை விளையாட்டையே தவிர்க்கிறது. அதனால் உடல் மேலும் நலிகிறது அல்லது பருக்கிறது. காரணமும் விளைவும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன.

ஆயினும் அவசர முடிவு கூடாது. துணையின்றி நடக்கத் தொடங்கும் பருவம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்திருப்பதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2006-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது. உடலமைப்பு தவிர, பழக்கம், இடவசதி, நோய் ஆகியவையும் இயக்கத்தைப் பாதிக்கின்றன.

ஆகவே மாவினால் மட்டும் எடையைக் கூட்டுவது ஊட்டப்பணியின் நிறைவாகாது. பருப்பும் முட்டையும் பாலும், நாள்தோறும் ஓடியாட ஒரு திறந்த இடமும் ஒருங்கே வேண்டும். தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் எடைக்கோட்டுடன் வளர்ச்சிப் படிகளும் அச்சிடப்பட்டுள்ளன. மேற்பார்வையிடும் அலுவலர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்; கோடு உயர்ந்தும் தாவத் தயங்கும் குழந்தை, கவனிப்பாரின்றி விடுபட்டுவிடலாகாது.