தண்டால் போதுமா?

இரும்பு தூக்கினால்தான் உடம்பு தேறும், தண்டாலெல்லாம் சும்மா என்று சொல்கிறவர்கள் நிறைய. அது சரியில்லை.

1910இல் லண்டன் போய் உலகத்தின் பெரிய மல்லர்களோடு மோதிய பயில்வான் காமா, பாரமும் தூக்கியவர்தான். ஆனால் அவருடைய பயிற்சிக்கு அடித்தளம் தண்டாலும் பஸ்கியும்.

எடை இரும்பா, நம் உடம்பா என்று தசை பார்ப்பதில்லை. சிரமப்பட்டால் வலுவாகும். சிரமம் கூடாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

அதனால் சிரமத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் சுவரில் கை ஊன்றித் தண்டால். அடுத்து கட்டில் விளிம்பில். பிறகு தரையில். அதுவும் சுலபமாகிவிட்டதா? கால்களை வாசற்படிமேல் வைத்து, மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இடுப்பு தொய்யக் கூடாது. தலையிலிருந்து குதிகால்வரை பலகை மாதிரி நேராக இருக்க வேண்டும். ஐந்தாவதிலேயே தோள் நடுங்க ஆரம்பிக்கும்.

வயிற்றுப் பயிற்சி தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் என்பதும் தப்பு. தசை உறுதியாகும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கும் உடம்பையே பாரமாக்கும் பயிற்சி உண்டு. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே அவர்களுக்குப் பஸ்கி. நாற்காலியை மட்டும் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும்.