மேசையில் ஓர் இடம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், காலை ஆராதனையைத் தொடர்ந்து பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விசேட தேவையுடைய பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு ஊக்கம் தரும்படி பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் வைத்தியரும் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "நீர் தம்பியைப் பற்றிச் சொன்னால் போதும்" என்றார். மகனை நாங்கள் வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவது.

தம்பி 1991இல் பிறந்தார். மூன்றாம் நாள், விடுதியில் மற்றத் தாய்மாரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு வைத்தியர் கட்டில் மாட்டில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். இந்தப் பிள்ளை இருபது, இருபத்தைந்து வயதுக்குமேல் இராது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்துப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. இன்று வசதியுள்ள நாடுகளில் டவுண் சின்ட்ரோம் உள்ளவர்கள் சராசரியாக அறுபது வயதுவரை வாழ்கிறார்கள். தம்பிக்கு இப்போது முப்பத்திநாலு.

படிப்பித்த பழக்கம் விடாது, ஆகவே ஒரு நிமிடம் பாடம். டவுண் என்ற ஆங்கில வைத்தியர் 1866இல் இந்த நிலையை விவரித்து எழுதினார். காரணம் 1959இல்தான் தெரியவந்தது. எங்கள் கலங்களில் 46 நிறமூர்த்தங்கள்; தம்பி போன்றவர்களுக்கு 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று கூடி 47. தாய் சாப்பிட்ட சாப்பாட்டாலோ, கிரகணம் பார்த்ததாலோ, ஒருவர் கண்பட்டதாலோ அது வருவதில்லை. தாயின் வயது கூடக்கூடச் சாத்தியம் கூடும் என்பது உண்மை. ஆனால் எனக்கு அப்போது இருபத்தேழு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "யார் செய்த பாவம்?" என்ற கேள்வி எங்கள் வாசலுக்கு வராத நாளில்லை. அயலார் வினைப்பயன் என்பார்கள், எங்கள் ஆட்கள் சாபம் என்பார்கள், சொல்தான் வேறு. ஒரு ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதைச் சொன்னால் பிள்ளை சுகப்படும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் எழும்பித் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு முழுக்க, கல்யாணத்துக்கு முன்னிருந்து நான் செய்த பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி உள்ளுக்குள்ளும் இருந்தது.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று ஆண்டவர் சொன்னதைச் சிறுவயதில் இந்த மண்டபத்தில் எத்தனை தரம் வாசித்திருப்போம்! பாடமாக்கி மாக்ஸும் வாங்கினோம். அது எனக்குச் சொன்ன வார்த்தை என்று விளங்க முப்பது வயதாயிற்று.

அதற்கிடையில் நான் ஒளித்துவிட்டேன். தம்பியை அல்ல, என்னை. சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. விளையாட்டுப் போட்டி, கரோல் ஆராதனை ஒன்றுக்கும் வருவதில்லை. உங்கள் பிள்ளைகள் ஸ்கொலஷிப் பாஸ் பண்ணிய கதையைக் கேட்கத் தெம்பில்லை, அதுதான் உண்மை. சீனாவில் மிஷனரிமாரின் பிள்ளையாக வளர்ந்த எழுத்தாளர் பேர்ள் பக்குக்கு 1920இல் ஒரு மகள் பிறந்தாள். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை. 1938இல் நோபல் பரிசு வாங்கியவர், அந்த மகளைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதியது 1950இல். முப்பது வருடம்! அதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தில் மழையும் சனமும். தம்பிக்கு நாலு வயது, அப்போதுதான் ஒழுங்காக நடக்கத் தொடங்கியவர். நெரிசலுக்குப் பயந்து நிலத்தில் இருந்துவிட்டார். யாரென்றே தெரியாத ஒரு பெடியன் தன் சைக்கிளில் கட்டியிருந்த பையைக் கழற்றி அவருடைய அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தம்பியை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தான். பெயர் கேட்க மறந்துவிட்டேன். இன்றும் ஜெபத்தில் "அந்தப் பெடியன்" என்றுதான் சொல்வேன்.

இடம்பெயர்ந்திருந்த இடத்தில்தான் இரண்டாம் சாமுவேலை வாசித்தேன். யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. யுத்தத்தில் தகப்பன் செத்த செய்தி வருகிறது; தாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்; ஓட்டத்தில் அவன் விழுந்து முடமாகிறான். இந்தக் கதைக்கு எங்களுக்கு விளக்கவுரை வேண்டுமா? பிறகு தாவீது ராஜா அவனைத் தேடிக் கூப்பிட்டு, ராஜகுமாரரில் ஒருவனைப்போல் தன் பந்தியில் சாப்பிட வைக்கிறான். ஒன்பதாம் அதிகாரம் முடியும் இடத்தைப் பாருங்கள். அவனுக்கு இரண்டு காலும் முடம் என்று திரும்பவும் எழுதியிருக்கிறது. அவன் சுகப்படவில்லை. கால் அப்படியே இருக்க, மேசையில் இடம் கிடைத்தது. நான் அதுவரை சுகத்துக்காக மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இடத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினேன்.

ஊருக்குத் திரும்பி வந்த வருடம், என்னோடு ஏழாம் வகுப்பிலிருந்து படித்த ஒருவர் நத்தார் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சாட்டுச் சொன்னேன். "தம்பியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்து றோல்ஸ் போட்டிருக்கிறன்" என்றார். போனோம். தம்பி சொதிக் கோப்பையை மேசை விரிப்பில் கவிழ்த்துவிட்டார். அவர் அதைத் துடைத்துவிட்டு, ஒரு கதையுமில்லாமல் இன்னொரு கோப்பை வார்த்தார். எனக்கு உபதேசம் பண்ணவில்லை, விசேட பிள்ளைகளை விசேட பெற்றோருக்குத்தான் கடவுள் கொடுப்பார் என்று சொல்லவில்லை. (அதைத் தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதேயுங்கள். நாங்கள் விசேடமானவர்கள் அல்ல, நித்திரையில்லாதவர்கள்.)

திடப்படுத்தலுக்குத் தம்பியைச் சேர்த்தபோது, இவருக்குத் திருவிருந்து விளங்குமா என்று சபையில் கேள்வி வந்தது. அப்போதிருந்த போதகர், "விளங்கித்தான் நாங்கள் எல்லோரும் முழங்காற்படியிடுகிறோமா?" என்று கேட்டார். அதோடு கதை முடிந்தது. இப்போது ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகங்களை வாங்கில்களில் வைப்பது தம்பிதான். ஒரு வாங்கிலும் தவறாது.

இளம் தாய்மாருக்குச் சில காரியம். பிறந்தவுடன் இதயத்தைப் பரிசோதிப்பியுங்கள். இப்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அதில் குறை இருக்கும். காது, கண், தைரொயிட் மூன்றையும் தொடர்ந்து பாருங்கள். பிடிவாதம் என்று நாங்கள் அடித்த காலத்தில் தம்பிக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் கை கூசும். பள்ளிக்கூடம் அனுப்புங்கள். கைதடியில் நஃபீல்ட் இருக்கிறது, கோண்டாவிலில் சிவபூமி இருக்கிறது. வேதக்காரர் சைவக்காரர் என்று பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. தேத்தண்ணி போடவும் காசு எண்ணவும் பழக்குங்கள். தம்பிக்கு இருபது ரூபாய்த் தாளும் நூறு ரூபாய்த் தாளும் பிடிபட இரண்டு வருடம் எடுத்தது. கணக்கு ரீச்சரின் மகன்!

இனி, இரவில் எழுப்பும் கேள்வி. எங்களுக்குப் பிறகு? அந்த வைத்தியர் சொன்ன வயது பிழைத்துப்போனதற்காகத் தினமும் தோத்திரம் சொல்கிறேன். ஆனால் இவர் எங்களுக்குப் பின்னும் இருப்பார் என்பதே இப்போது எங்கள் பயம். தம்பியைப் பார்ப்பது அக்காவின் பொறுப்பு என்று கனடாவிலுள்ள மகளிடம் சொல்லியே வளர்த்தேன். போன வருடம் அவள், "அம்மா, நீங்கள் என்னை ஒருநாளும் கேட்கேல்லை, சொன்னீங்கள்" என்றாள். பிறகுதான் கேட்டேன். அவள் ஆம் என்றாள், ஆனால் தனியாக முடியாது என்றும் சொன்னாள். தாவீதும் மேசையோடு நிற்கவில்லை. காணியைத் திருப்பிக் கொடுத்து, பயிரிட சீபாவையும் அவன் பிள்ளைகளையும் ஒழுங்குபண்ணினான். அந்தச் சீபா பின்னர் ஏமாற்றியதையும் வேதம் மறைக்கவில்லை. ஆகவே உறுதி எழுதும்போது ஒருவரை மட்டும் நம்பி எழுதாதேயுங்கள். சட்டத்தரணியிடம் கேட்டு இரண்டு மூன்று பேரைச் சேர்த்து எழுதுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளே, இங்கே வயதுபோன பெற்றோரோடு இப்படியொரு சகோதரம் இருக்கக்கூடிய வகுப்புத் தோழியை நினைத்துப்பாருங்கள். காசு அனுப்புவதற்கு முதல் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தம்பியும் வந்திருக்கிறார். ஜன்னல் பக்கம் மூன்றாவது மேசை, நீலச் சேட். பக்கத்தில் இரண்டு கதிரை வெறுமையாக வைத்திருக்கிறேன். போய் இருந்தால் உங்கள் பெயரையும் பிறந்தநாளையும் கேட்பார். வருடாவருடம் அந்தத் திகதிக்கு என் போனில் உங்களுக்கு வாழ்த்தும் சொல்வார். பிறந்த வருடத்தைக் கேட்கமாட்டார், அக்காமார் பயப்படவேண்டாம்.